மூன்றாவது கம்பி

ஏப்ரல் 3, புதன்

திங்களன்று அடித்த காற்றில் தோட்டத்து வாழை பதினெட்டு சாய்ந்தது. ஷெட்டுத் தகரம் ஒன்று பறந்துபோய் வாய்க்காலில் கிடந்தது. அதோடு விட்டால் பரவாயில்லை, கரண்டில் மூன்றாவது பேஸையும் கொண்டுபோய்விட்டது.

எங்கள் ஷெட்டிலிருந்து இரண்டு கம்பம் தள்ளி, மேலே கம்பியையும் கம்பியையும் இணைக்கிற ஒரு சிறிய துண்டு உண்டு. ஜம்பர் என்பார்கள். அது எரிந்து தொங்குகிறது. அதற்கு இந்தப் பக்கம் மூன்று கம்பியில் இரண்டுக்குத்தான் உயிர். மாட்டிக்கொண்டது இரண்டே வீடு. எதிர்க்காட்டுப் பொங்கியண்ணன் வீட்டுக்கு வருவதே அந்த மூன்றாவது கம்பியிலிருந்துதான் என்பதால் அங்கே விளக்குகூட இல்லை. எங்கள் வீட்டில் விளக்கு எரிகிறது, ஆனால் லேத் ஓடாது. மூன்று பேஸும் வராவிட்டால் லேத் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், விட்டால் காயில் கருகிவிடும்.

இந்தப் பகுதி லைன்மேன் வேறு யாருமில்லை, என் மனைவி பாக்கியத்தின் கூடப்பிறந்த தம்பி குழந்தைவேலு. சொந்த மச்சினன் லைன்மேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசி என்ன பயன்? போன் செய்தேன்.

"மாமா, பதினேழு கம்பம் உழுந்து கெடக்குதுங்க. ஊருக்கே கரண்டு இல்ல. உங்களுக்காச்சும் ரெண்டு பேஸ் வருதுல்லங்க, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றான்.

பொறுத்துக்கொள்ள எனக்கு நேரமில்லை. இருபத்தாறு வருஷம் மில்லில் பிட்டராக இருந்தேன். மில்லை மூடினார்கள். சொந்த ஷெட் போட்டு இரண்டு வருஷம் ஏர்க்கலப்பை கொழுவும் வண்டி அச்சும் கடைந்தபின் இப்போதுதான் ஒரு பம்பு கம்பெனி நம்பி வேலை கொடுத்திருக்கிறது. பம்பு அச்சில் மாட்டுகிற ஸ்லீவ் நானூறு, மே பத்துக்குள். ஒழுங்காகக் கொடுத்தால் மாதாமாதம் உண்டு என்று வாயால் சொல்லியிருக்கிறார்கள். தவறினால் மறுபடியும் கொழுவுதான்.

ஏப்ரல் 5, வெள்ளி

வழி கிடைத்துவிட்டது. மில்லில் ஒரு எலக்ட்ரீஷியன் சொன்னது நினைவுக்கு வந்தது. மூன்று பேஸ் மோட்டார் ஒன்றை எப்படியாவது சுற்ற வைத்துவிட்டால், அது இரண்டு கம்பியிலேயே தொடர்ந்து சுற்றும். சுற்றும்போது தன் மூன்றாவது முனையில் மூன்றாவது பேஸைத் தானே உண்டாக்கும். அதிலிருந்து லேத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். கரண்டைக் கும்பிட்டு நிற்க வேண்டியதில்லை, நாமே செய்துகொள்ளலாம்.

காயலான் கடையில் ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஒன்று கிடைத்தது. இரண்டு நல்ல கன்டென்சரும் வாங்கினேன். இதற்குத் தாய் என்று பெயர் வைத்திருக்கிறேன். லேத் பிள்ளை.

பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு, "தாயின்னு பேரு வெச்சாச்சு. பாலுக்குப் பதிலா ஷாக்குக் குடுக்காம இருந்தாச் செரி" என்றாள். அவளுக்கு எப்போதும் என் வேலையில் ஒரு இளக்காரம்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பேரிங் மாற்றினேன். அடியில் பழைய டயர்த் துண்டு வைத்துப் பலகையில் போல்ட் போட்டேன். தாய் தானாகக் கிளம்ப மாட்டாள். புல்லியில் கயிறு சுற்றி வேகமாக இழுத்துவிட்டு, சுற்றுகிற சூட்டிலேயே சுவிட்சைப் போட வேண்டும். இன்று பன்னிரண்டு முறை இழுத்தேன். பன்னிரண்டு முறையும் பியூஸ் போனது. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

ஏப்ரல் 9, செவ்வாய்

ஓடிவிட்டது.

மீட்டரில் வோல்ட் நானூற்றுப் பதினைந்து, நானூற்றுப் பத்து, முந்நூற்று எழுபது. கன்டென்சரைச் சேர்த்ததும் மூன்றாவதும் முந்நூற்றுத் தொண்ணூறுக்கு ஏறியது. லேத்தைப் போட்டேன். ஒரு முனகல்கூட இல்லாமல் சுற்றியது. நீல நிறத்தில் சுருள் சுருளாகத் துருவல் விழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஐம்பத்து நான்கு வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை. மில் மேனேஜர் இந்நேரம் இருந்திருந்தால் கூட்டிக்கொண்டு வந்து காட்டியிருப்பேன்.

ஒன்றை மறக்கக் கூடாது. மெயின் போர்டில் மூன்றாவது பியூஸ் கட்டையைப் பிடுங்கி வைத்துவிட்டுத்தான் தாயைக் கிளப்ப வேண்டும். இல்லாவிட்டால் நாம் செய்கிற கரண்ட் வெளியே செத்துக் கிடக்கிற கம்பியில் போய் ஏறிவிடும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கட்டையைப் பிடுங்கி ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

"வேலுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க" என்றாள் பாக்கியம்.

"சொல்லலாம் சொல்லலாம்."

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவன் வந்து நின்று சட்டம் பேசுவான். கழற்றுங்க மாமா என்பான். என்னைவிடப் பத்து வயது சின்னவன்.

ஏப்ரல் 13, சனி

பொங்கியண்ணன் மனைவி தெய்வானை அக்கா வந்தாள். அண்ணனுக்கு மூச்சிரைப்பு. பன்னிரண்டு நாளாக விசிறியால் வீசி வீசி அவள் தோள்பட்டை இறங்கிவிட்டது.

"உங்க ஷெட்டு மட்டும் ஓடுதுங்களே தம்பி. ஒரு ஒயரு இழுத்துக் குடுத்தா ஒரு பேன் சுத்திக்காதுங்களா" என்றாள். கண்ணில் தண்ணீர் வைத்துக்கொண்டு கேட்டாள்.

ஒயர் எதற்கு? கட்டையைத் திரும்பச் செருகினேன். நம் மூன்றாவது பேஸ் போர்டு வழியாக வெளியே போய், அதே கம்பியில் ஏறி, அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டது. எதிர்க்காட்டிலிருந்து அவள் கையை ஆட்டிக் காட்டினாள். பேன் சுற்றுகிறது. லேத் கொஞ்சம் சோர்கிறது, அவ்வளவுதான். ஜம்பர் அறுந்து கிடப்பதால் கரண்ட் அதைத் தாண்டி ஊருக்குள் போக வழியில்லை. கணக்கு சரிதான்.

சாயங்காலம் ஒரு முறம் முருங்கைக்காய் கொண்டுவந்து வைத்தாள். ஒரு மனிதன் ஒரு கம்பிக்கு உயிர் கொடுத்து இன்னொரு மனிதன் மூச்சுவிடுகிறான் என்று நினைத்தால் மனது நிறைகிறது.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரைக்கனி. எல்லா மெஷினுக்கும் பாக்கியம் பொட்டு வைத்தாள். தாய்க்கு வைக்க மாட்டேன் என்றாள். நானே வைத்தேன்.

ஏப்ரல் 17, புதன்

நூற்று நாற்பது முடிந்தது.

கடைசிக் கம்பத்துக்கு அடியில் ஒரு காக்கை செத்துக் கிடந்தது. பாக்கியம்தான் பார்த்தாள். அந்தக் கம்பத்தில் ஜம்பர் போன கம்பிதான் இரும்புச் சட்டத்தை ஒட்டிப் போகிறது.

"செத்த கம்பீன்னு சொன்னீங்க. அதுல ஒக்காந்த காக்கா எப்புடிங்க செத்துச்சு?"

வெயில் என்றேன். இந்த வருஷம் வெயில் அப்படித்தான் இருக்கிறது. காக்கையை நானே எடுத்து வாழைக்குக் கீழே புதைத்தேன். மற்ற காக்கைகள் ஷெட்டு மேல் உட்கார்ந்து கத்தியதில் காலை முழுக்க வேலையில் மனசு ஓடவில்லை.

ஏப்ரல் 20, சனி

தாயைக் கிளப்புவது நாளுக்கு நாள் கஷ்டமாகிறது. சூடாக இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி கிளம்பக் கால் மணி நேரம் ஆகிறது. கயிறு இழுத்து இழுத்து வலது தோள் தூக்க முடியவில்லை. ஆகவே காலையில் ஒரு முறை கிளப்பினால் சாயங்காலம்தான் நிறுத்துவது என்று வைத்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் போகும்போது லேத்தை மட்டும் நிறுத்துகிறேன், தாய் பாட்டுக்கு மூலையில் சுற்றிக்கொண்டிருப்பாள். பொங்கியண்ணனுக்கும் மத்தியானத்தில்தானே காற்று வேண்டும்?

சத்தமும் பழகிவிட்டது. ஓடுகிறாள் என்பதே இப்போதெல்லாம் காதில் விழுவதில்லை. லேத் நின்றால் ஷெட்டே நின்றுவிட்ட மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 24, புதன்

வேலு வந்தான். அவன் வீட்டு மாமரத்துக் காய் ஒரு பை நிறைய. ஆள் கறுத்து இளைத்துவிட்டான், மூன்று வாரமாக ஒரு நாள் லீவு இல்லையாம். டீ குடித்துக்கொண்டே காதைத் தீட்டினான்.

"என்னங்க மாமா ஷெட்டுக்குள்ள ஓடுது?"

"தண்ணி மோட்டாரு."

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் மாங்காயைப் பார்த்தேன்.

"உங்க ஜம்பர மறக்கலீங்க மாமா. அடுத்த வாரம் எப்புடியாச்சும் போட்டுத் தாரேன்" என்றான். அவன் கோபமாகப் பேசியிருந்தால் பதிலுக்கு நானும் பேசியிருப்பேன். அவன் அப்படிப் பேசுகிறவன் இல்லை.

அவன் போனதும் பிடித்துக்கொண்டாள். "பொய் சொல்றதுக்கும் ஒரு எடம் வேண்டாமுங்களா? அவன் உசுர வெச்சு மேல ஏர்றவன். எது ஓடுது, எது ஓடலைன்னு அவனுக்குத் தெரியோணும்."

"ஆர்டர் முடியட்டும். நானே கூப்பிட்டுக் காட்டறேன்."

சத்தியமாகக் காட்டுவதாகத்தான் இருந்தேன். இன்னும் நூற்றெழுபது பாக்கி. அதற்குள் கழற்றச் சொல்லிவிட்டால்?

ஏப்ரல் 29, திங்கள்

இருநூற்று எண்பது.

மே 2, வியாழன்

எனக்குத் தெரியாமல் பாக்கியம் தம்பிக்குப் போன் செய்திருக்கிறாள். "இந்த ஆளு அந்த மோட்டார வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரோன்னு எனக்குப் பயமா இருக்குது, நீ வந்து அந்தக் கம்பியக் கட்டிக் குடுத்துட்டுப் போயிரு சாமி" என்பதுதான் அவள் மனதில் இருந்திருக்கும். ஆனால் மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம், கம்பியைக் கட்டு என்று மட்டும் அழுதாளாம். நாளை மறுநாள் மத்தியானம் வருகிறானாம். இரண்டு வேலைக்கு நடுவில் ஒரு மணி நேரம் திருடிக்கொண்டு.

கோபம் வந்தது. கேட்க வேண்டியது நான். சரி, வந்து கட்டிவிட்டுப் போகட்டும். அப்புறம் தாய்க்கே அவசியமில்லை, சொல்லவும் வேண்டியதில்லை.

மே 3, வெள்ளி

வேலுவோடு போனில் பேசினேன். முழு லைனையும் நிறுத்தாதே, ட்ரான்ஸ்பார்மரில் அந்த ஒரு பேஸ் கட்டையை மட்டும் பிடுங்கினால் போதும், மத்தியான வெயிலில் உன் அக்காவுக்குப் பேன் வேண்டும் என்றேன். முழு லைனும் போனால் தாயும் நின்றுவிடுவாள். சூட்டில் மறுபடி கயிறு இழுக்க என் தோளில் தெம்பில்லை.

"ரூல்ஸ்படி எல்லாத்தையும் நிறுத்தோணுமுங்க மாமா." பிறகு அவனே தணிந்தான். "செரி விடுங்க. நீங்க சொல்லி நான் எதைத் தட்டியிருக்கறேன்."

பாக்கியம் நாளைக்குத் தம்பிக்குக் கோழிக்குழம்பு என்று மசாலா அரைத்துக்கொண்டிருக்கிறாள். ஒரு மாதத்தில் இன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

மே 4, சனி

குழந்தைவேலு இறந்துவிட்டான்.

மே 7, செவ்வாய்

மூன்று நாளும் அவன் வீட்டில். அவன் மனைவி சாந்தாமணி பாயை விட்டு எழவில்லை. பத்தாவது படிக்கிற பெண் மட்டும் வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தது. எல்லாக் காரியத்துக்கும் நானே முன்னால் நின்றேன். பந்தல், பால், சாம்பல் கரைக்கிறது எல்லாம். மாமன் இருக்கப்போய்த்தான் குடும்பம் தாங்குது என்று இரண்டு பேர் சொன்னார்கள்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வராந்தாவில் பாக்கியம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். ஆமாம் என்று சொன்னேன். அப்புறம் கேட்கவில்லை.

துணி எடுக்க அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது ஷெட்டைக் கொஞ்சம் ஒதுக்கினேன். பழைய மோட்டாரைத் தென்னை மட்டைக் குவியலுக்கு அடியில் தள்ளினேன். கன்டென்சர்களைப் பாழுங்கிணற்றில் போட்டேன். இனித் தேவையில்லை, இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் அங்கே இருக்கும்போதே வேறு லைன்மேன்கள் நான்கு பேர் வந்து, ஊர் லைன் முழுவதையும் நிறுத்தி, ஜம்பரைப் போட்டுவிட்டுப் போனார்கள். கால் மணி நேர வேலை. எங்கள் ஷெட்டுக்கு மூன்று பேஸும் வந்துவிட்டது.

மே 10, வெள்ளி

கம்பெனியிலிருந்து போன் வந்தது. வீட்டில் சாவு என்றேன், ஒரு வாரம் தள்ளித் தருகிறோம், மெதுவாகக் கொடுங்கள் என்றார்கள். நல்ல மனிதர்கள். பாக்கி முப்பத்தெட்டு. லேத்தைப் போட்டேன். ஒன்று கடைந்தேன், அளவு தப்பிப்போனது. மறுபடி ஒன்று, அதுவும். நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மே 13, திங்கள்

கரண்ட் ஆபீசிலிருந்து விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஷெட்டைப் பார்த்தார்கள். ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் ஏதும் உண்டா என்றார்கள். இல்லை என்றேன். இல்லைதானே. போர்டைப் பார்த்தார்கள், கட்டை மூன்றும் ஒழுங்காக இருந்தது.

பெரியவராக இருந்தவர் எழுதிக்கொண்டே சொன்னார், "லைன நிறுத்தச் சொல்லி லைன் கிளியர் வாங்கல. ஒரு கட்டைக்கு இன்னொரு கட்டையப் பிடுங்கியிருப்பாரு போலிருக்குது. அவரோட கவனக்குறைவுன்னுதான் போகும்ங்க. அப்புடிப் போனா சம்சாரத்துக்கு வேலை கெடைக்கறது கஷ்டமுங்க."

"இருவது வருசம் ஏறினவன்" என்றாள் பாக்கியம். "ஒரு நாளு கட்டை மாத்திப் பிடுங்குவானா?"

அவர்கள் போனபின் சமையலறையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். "நாந்தான் அவனக் கொன்னுட்டேன். வரமாட்டேன்னவன அழுது கூப்புட்டேன். கொழம்பு வெச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தேன்" என்று திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள். ஒன்பது நாளாகச் சோற்றில் கை வைக்கவில்லை, காப்பித் தண்ணீர்தான். கன்னம் ஒட்டிவிட்டது.

நீ காரணமில்லை என்றேன்.

மே 16, வியாழன்

தெய்வானை அக்கா துக்கம் கேட்க வந்தாள். வாசலில் உட்கார்ந்து அழுதாள். பிறகு பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"அன்னைக்கு எங்கூட்டுக்காரரு கட்டல்ல படுத்துருந்தாரு. பேன் நல்லாச் சுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. திடீர்னு ஒரு கணம் தேங்குச்சு, மறுக்காவும் சுத்துச்சு, அப்புறம் நின்னே போச்சு கண்ணு. என்னடான்னு வெளிய வந்து பாத்தா கம்பத்துக்கடியில கூட்டம்."

பாக்கியத்தின் அழுகை நின்றுவிட்டது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் இப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. முப்பது வருஷத்தில் இல்லை.

அக்காவை அனுப்பிவிட்டு உள்ளே போனாள். இலை போட்டு எனக்குச் சோறு பரிமாறினாள். "சாப்புடுங்க" என்றாள். பக்கத்தில் உட்காரவில்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு இலையை மூடினேன்.

மே 17, வெள்ளி

இந்த நோட்டைத் திருப்பிப் படித்தேன். எல்லாம் உண்மைதான், ஆனால் இதை நம்பிப் படிக்கிறவர்களுக்கு நான் ஒரு நல்ல மனிதனாகத் தெரிவேன். அன்று நடந்ததை எழுதுகிறேன்.

பன்னிரண்டேகாலுக்கு வேலு போன் செய்தான். கட்டையைப் பிடுங்கிவிட்டேன், ஏறப் போகிறேன் என்றான். நான் லேத்தை நிறுத்தினேன். தாயை நிறுத்தவில்லை. மூலையில் அவள் சுற்றிக்கொண்டிருந்தாள். மூன்றாவது கட்டை போர்டில் செருகியே இருந்தது.

சத்தம் பழகிவிட்டது, லேத் நின்றால் எல்லாம் நின்றதாகத் தோன்றும் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அது முதல் போனுக்குச் சரி. இரண்டாவது போனுக்குச் சரியில்லை.

ஐந்து நிமிஷம் கழித்துக் கம்பத்தின் மேலிருந்தே மறுபடி கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

"மாமா, டெஸ்டர வெச்சா லேசா மினுக்குதுங்க. உங்க பக்கம் ஏதாச்சும் ஓடுதுங்களா?"

அப்போது என் கண் தாயின் மேல்தான் இருந்தது. ஓடுகிறது என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் என்ன ஓடுகிறது என்பான். அவன் அக்கா பாக்கியத்திடம் போய்ச் சொல்வான். அவனிடம் தண்ணி மோட்டார் என்று சொன்னவன் நான். நின்றுகொண்டே கையை நீட்டினால் சுவிட்ச். நிறுத்தினால் சத்தம் அடங்குவது போனில் அவனுக்குக் கேட்கும் என்று நினைத்தேன். பேசி முடித்ததும் நிறுத்திக்கொள்ளலாம், அதற்குள் அவன் கையுறை மாட்ட வேண்டும், அரை நிமிஷம் ஆகும் என்று நினைத்தேன். இவ்வளவையும் நினைத்தேன்.

"ஒண்ணும் ஓடல மாப்ள. பக்கத்துக் கம்பியோட கரண்ட இது இழுக்கறதுதான் மினுக்குது. நீ பாட்டுக்குக் கட்டு" என்றேன்.

"செரிங்க மாமா" என்றான். போனை வைத்தான்.

வைத்ததும் சுவிட்சுக்குப் போனேன். கை வைப்பதற்குள் தாயின் சத்தம் ஒரு நொடி கனத்தது. லேத் பாரம் ஏறும்போது கனக்கிற மாதிரி. அது எனக்குத் தெரிந்த சத்தம். பிறகு லேசாகி, பழையபடி சுற்றியது.

அவன் அரை நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மாமன் சொன்ன பிறகு எதற்குக் காத்திருக்க வேண்டும்?

நான் ஓடவில்லை. முதலில் தாயை நிறுத்தினேன். கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். சாக்கை எடுத்து மூடினேன். அதற்குப் பிறகுதான் ஓடினேன். நான் போய்ச் சேர்ந்தபோது காட்டுவேலைக்காரர்கள் அவனைத் தூக்கி மடியில் வைத்திருந்தார்கள். உயிர் அப்போதே இல்லை என்று டாக்டர் சொன்னார். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். அந்த நேரத்தில் நான் எதையும் மாற்றியிருக்க முடியாது என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா?

ஆஸ்பத்திரியில் பாக்கியம் கேட்டது: "அந்த மோட்டார நிறுத்தியிருந்தீங்கல்ல?"

இதை இத்தனை நாள் எழுதாததற்குப் பயம் ஒன்றுதான் காரணம். ஜெயில் பயம்கூடப் பிறகுதான். அவள் என்னைப் பார்க்கப் போகிற பார்வைக்குப் பயந்தேன். அதை நேற்றே பார்த்தாயிற்று.

மே 20, திங்கள்

சனிக்கிழமை காலை நோட்டைப் பாக்கியத்திடம் கொடுத்தேன். நின்றுகொண்டே கடைசி வரை படித்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான்தான் இறக்கி வைத்தேன். திட்டவில்லை, அடிக்கவில்லை. அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அதுவும் இல்லை. மூடி என் கையில் கொடுத்தாள்.

"ஒரு தாள்ல தனியா எழுதுங்க. எல்லாத்தையும். கீழ கையெழுத்துப் போடுங்க" என்றாள். பிறகு போய் ஒரு தட்டில் பழைய சோறு போட்டு, மோர் ஊற்றித் தின்றாள். பதினான்கு நாளில் முதல் முறை. அவள் தின்கிறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அவளைக் கொன்றுகொண்டிருந்தது எது என்று எனக்குத் தெரிந்தும் இரண்டு வாரம் சும்மா இருந்திருக்கிறேன்.

இன்று ஆபீஸ் திறக்கிற நேரத்துக்குப் போனோம். பஸ்ஸில் அவள் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். தனியாகப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆபீசில் விசாரணைக்கு வந்த அதே பெரியவர்தான். தாளை நீட்டினேன். கண்ணாடியை எடுத்து மாட்டி இரண்டு வரி படித்தார், நிமிர்ந்து பார்த்தார், மறுபடி முதலிலிருந்து படித்தார். போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டும், நாளைக் காலை ஸ்டேஷனுக்கு வர வேண்டியிருக்கும் என்றார். அவனுடைய கவனக்குறைவு என்று எழுதியதை நிறுத்திவைப்பதாகவும் சொன்னார். அதற்காக நான் கும்பிட்டேன்.

பிறகு ஒரு படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். பெயர் கேட்டார், வெள்ளியங்கிரி என்றேன். வயது, ஊர் சொன்னேன்.

"எறந்தவருக்கு நீங்க என்ன வேணுமுங்க?"

வாயைத் திறந்தேன். மாமன் என்று சொல்ல வேண்டும், சின்ன வார்த்தைதான். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

பின்னாலிருந்து பாக்கியம் சொன்னாள்: "மாமனுங்க. இவருகிட்டக் கேட்டுட்டுத்தான் அவன் கம்பியத் தொட்டான்."